ஒட்டி நிற்கும் மருந்துகள்: தேய்த்தால் ஏன் வீணாகிறது?



நம் அறக்கட்டளையின் மருந்து உதவிப் பிரிவுக்கு வயதான ஒரு தாயார் வந்தார். வாய்ப்புண்ணுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சிறிய டியூபை முந்தைய வாரம்தான் வாங்கிப் போயிருந்தார். கையில் காலி டியூப். "நல்லா அழுத்தித் தேய்ச்சேன் தம்பி. மண்ணு மாதிரி உதிருது, எரிச்சலும் குறையல. இது போலி மருந்தா இருக்குமோ?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அதே சந்தேகம்தான். பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து வாசித்த பிறகே விஷயம் தெரிந்தது. தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மணல் போல உதிரும் என்று அதிலேயே அச்சிட்டிருந்தார்கள். மருந்தில் குறையில்லை. தைலம் தேய்க்கும் பழக்கத்தில் அதையும் தேய்த்ததுதான் குறை.

அதன் பிறகு நம் உதவிப் பட்டியலில் உள்ள மற்ற மருந்துகளையும் பார்த்தோம். கண்ணுக்குப் போடும் ஜெல், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் கெட்டியான திரவம், குடல்புண்ணுக்கான மருந்து என்று பலவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மருந்தை உடலின் ஈரமான இடத்தில் ஒட்டி நிறுத்துவதற்காகவே ஒரு பசைப் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். மருந்தியலில் இவற்றை பயோஅட்ஹெசிவ் ஜெல் என்கிறார்கள். உடலோடு ஒட்டும் கூழ் என்று நாம் புரிந்துகொள்ளலாம். இவற்றில் மருந்து பாதி, அது ஒட்டி நிற்கும் நேரம் பாதி. நேரத்தைக் கெடுத்துவிட்டால் காசு கொடுத்து வாங்கிய மருந்து வாயைக் கழுவிய தண்ணீரோடு போய்விடும்.

ஈரத்தில் ஒட்டுவது எப்படி?

நம் வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. நாக்கு சும்மா இருப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு களிம்பைத் தடவினால் சில நிமிடங்களில் அது வயிற்றுக்குப் போய்விடும். கண்ணின் நிலைமை இன்னும் மோசம். கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர் ஏறக்குறைய 7 முதல் 10 மைக்ரோலிட்டர். கண் தாங்கக்கூடியது 30 மைக்ரோலிட்டர் அளவு. புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டே 30 முதல் 50 வரை இருக்கும். மிச்சம் கன்னத்தில் வழிகிறது, அல்லது கண்ணின் உள்மூலையில் உள்ள சிறு துளை வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிறது. கண்ணில் மருந்து போட்டால் தொண்டையில் கசப்பது இதனால்தான்.

மருந்தை அங்கேயே பிடித்து நிறுத்த முடியுமா என்று மருந்தாளுநர்கள் வெகுநாளாக யோசித்து வந்தார்கள். 1947இல் அமெரிக்காவில் பல் மருத்துவத்துக்காக ஒரு முயற்சி நடந்தது. பல்செட்டை ஒட்ட வைக்கும் பொடியோடு டிராகாகாந்த் என்ற மரப் பிசினைக் கலந்து, அதில் பென்சிலினைச் சேர்த்து வாய்க்குள் ஒட்டினார்கள். நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டு. நம் புதுச்சேரிக்கு அது கிடைக்க இன்னும் ஏழு வருடம் இருந்தது. பிறகு 1980களில் ஜப்பானில் நகாய் என்ற பேராசிரியரின் குழு, வாய்ப்புண் மேல் ஒட்டும் மெல்லிய மாத்திரையை உருவாக்கியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபின்சன் என்பவரின் குழு எந்தப் பொருள் ஏன் ஒட்டுகிறது என்பதை அளந்து பார்த்தது.

அவர்கள் கண்டதைச் சமையலறையிலிருந்தே விளக்கலாம். பாலிமர் என்பது, பள்ளிப் பாடநூலில் பலபடி என்று வரும், நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. உலர்ந்த சேமியாக் கட்டுகள் இரண்டை ஒன்றோடொன்று அழுத்தினால் ஒட்டாது. வேகவைத்த பிறகு பாருங்கள்: இழைகள் தளர்ந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, பிரிக்க முடியாமல் பின்னிக்கொள்ளும். நம் வாய், கண், குடல் எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய சளிப் படலம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். மிச்சத்தில் முக்கியமானது மியூசின் என்ற புரதம். அதுவும் நீண்ட இழைதான். மருந்தில் உள்ள பாலிமர் ஈரத்தை உறிஞ்சி ஊதி, இழை தளர்ந்து, மியூசின் இழைகளுக்குள் புகுந்து பின்னிக்கொள்கிறது. புகுந்த இடத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் சின்னச் சின்னக் கொக்கிகள் மாட்டிக்கொள்கின்றன. ஒரு கொக்கிக்குப் பலம் குறைவு. ஆயிரக்கணக்கில் சேரும்போது நாக்கால் எளிதில் தள்ள முடிவதில்லை.

இதற்கு இழை போதுமான நீளம் இருக்க வேண்டும். குட்டை இழை பின்னாது. அளவுக்கு மீறி நீண்டாலும் தனக்குள்ளேயே சுருண்டு விடும். இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கட்டினால் ஜெல் கெட்டியாகும், ஆனால் முடிச்சு அதிகமானால் சளிக்குள் நுழைய அசைவே இருக்காது. ஆகவே லேசான முடிச்சு போதும் என்பது அவர்கள் கணக்கு.

தண்ணீரின் அளவுதான் நம் கைக்கு வரும் விஷயம். கோந்து தடவிய தபால் தலையை நாக்கால் நனைத்து ஒட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நனைக்காவிட்டால் ஒட்டாது. அதிகம் நனைத்தால் கோந்து கரைந்து தலை வழுக்கி நகரும். ஒட்டும் ஜெல்லும் அப்படியே. கொஞ்சம் ஈரம் அதற்கு வேண்டும், அதிக ஈரம் பகை. வாய்ப்புண்ணில் போட்டுவிட்டு உடனே தண்ணீர் குடிப்பவர்கள் அந்தத் தபால் தலையை வாளியில் போட்டவர்கள்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் எல்லார் வீட்டிலும் கைக்குத் தேய்க்கும் சானிடைசர் ஜெல் இருந்தது. அதில் பலவற்றைக் கெட்டியாக வைத்திருப்பது கார்போமர் என்ற பாலிமர்தான். கண் ஜெல்லிலும் வாய் ஜெல்லிலும் அதே பொருள் வருகிறது. மீந்துபோன அந்த ஜெல்லை ஒரு மூடியில் எடுத்து, ஒரு சிட்டிகை உப்பைத் தூவிக் கிளறிப் பாருங்கள் (குழந்தைகளை அடுப்புக்குத் தூரமாக வைத்துச் செய்யச் சொல்லுங்கள், அதில் ஆல்கஹால் உண்டு). கண் முன்னாலேயே தண்ணீராக இளகும். கார்போமர் இழை நெடுக மின்னேற்றங்கள் உள்ளன; அவை ஒன்றையொன்று தள்ளுவதால்தான் இழை விரிந்து ஜெல் ஊதி நிற்கிறது. உப்பு அந்தத் தள்ளுதலை மறைத்துவிட, இழை சுருண்டு விடுகிறது. கண்ணீரிலும் உப்பு இருப்பதால் கார்போமர் கண் ஜெல் கண்ணுக்குள் போனதும் கொஞ்சம் இளகிப் பரவுகிறது. ஜெல்லான் என்ற இன்னொரு பாலிமர் இதற்கு நேர் எதிர். புட்டியில் தண்ணீர் போல இருக்கும், கண்ணீரின் உப்பைத் தொட்டதும் ஜெல்லாக உறையும். இரண்டையும் கண் மருந்தில் பயன்படுத்துகிறார்கள்.

இந்தப் பொருட்கள் பலவும் நமக்கு அந்நியமல்ல. நோன்பு திறக்க நம் வீடுகளில் செய்யும் கடற்பாசி, மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றிலிருந்து எடுக்கும் அகர். அதே கடலில் கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று மீனவர்கள் அழைக்கும் பழுப்புப் பாசிகளிலிருந்து எடுப்பது ஆல்ஜினேட். ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் கண்ணாடி கட்டி, கடலில் முங்கிப் பறித்துக் கரை சேர்க்கும் பாசி அது. நெஞ்செரிச்சல் மருந்தின் உயிர்நாடி அந்த ஆல்ஜினேட்தான். இறால், நண்டு ஓட்டிலிருந்து கைட்டோசான் வருகிறது. சளிப் படலத்துக்கு எதிர்மின்னேற்றம், கைட்டோசானுக்கு நேர்மின்னேற்றம். அதனால் இரண்டும் இழுத்துக்கொள்கின்றன. நாம் தூக்கி எறியும் புளியங்கொட்டையில் உள்ள பசையின் கிளை அமைப்பு மியூசினை ஒத்திருப்பதால், ஐரோப்பாவில் அதைக் கண் வறட்சிக்கான சொட்டு மருந்தில் சேர்க்கிறார்கள். நம் முன்னோர் நூலுக்குக் கஞ்சி போட வைத்திருந்த பசை அது.

வாய்க்குள் போடும் பசை

இனி அந்தத் தாயாரின் டியூபுக்கு வருவோம். அதில் இருந்தது டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு, ஒட்டும் பசையில் கலந்தது. இவ்வகைப் பசை எண்ணெய் போன்ற ஒரு களிம்புக்குள் உலர்ந்த பாலிமர் துகள்களை அடக்கியது. புண்ணின் மேல் வைத்து லேசாக அழுத்தினால் துகள்கள் உமிழ்நீரை உறிஞ்சி ஊதி, வழுவழுப்பான ஒரு படலமாகும். தேய்த்தால் ஊதுவதற்கு முன்பே துகள்கள் பிரிந்து மணலாக உதிரும்.

ஆகவே கையைக் கழுவிவிட்டு, புண் உள்ள இடத்தின் எச்சிலை சுத்தமான பஞ்சால் மெல்ல ஒற்றி எடுங்கள். ஒரு மிளகளவு பசையை விரல் நுனியில் எடுத்து வைத்து, அழுத்தி, படலம் உருவாகும்வரை பொறுத்திருந்து கையை எடுங்கள். பிறகு குறைந்தது அரைமணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல், குடிக்காமல் இருங்கள். தூங்கப் போகும் நேரம் சிறந்தது. தூக்கத்தில் உமிழ்நீரும் குறைவு, நாக்கும் ஓய்வெடுக்கும், இரவு முழுதும் மருந்து நிற்கும். ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை என்று மருத்துவர் சொல்லியிருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள்.

இங்கே ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறோம். வெற்றிலை பாக்கு, புகையிலை, ஹான்ஸ் போடும் பழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது, மறைத்துப் பயனில்லை. ஜெல் போட்டால் எரிச்சல் அடங்கிவிடுவதால், ஆறாத புண்ணை மாதக்கணக்கில் ஜெல்லாலேயே மூடி வைத்துக் கொள்கிறார்கள். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முன்போல அகலத் திறக்காமை, இவற்றில் எது இருந்தாலும் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். ஜிப்மரும் அதன் மண்டலப் புற்றுநோய் மையமும் நம்மிடமிருந்து ஒரு பஸ் தூரத்தில்தான் இருக்கின்றன. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எங்களிடம் சொல்லுங்கள்.

பால்பல் முளைக்கும் குழந்தைகளின் ஈறில் பெரியவர்களின் வாய்ப்புண் ஜெல்லைத் தடவும் வழக்கமும் இருக்கிறது. வேண்டாம். வாயின் உட்தோல் மருந்தை நேரே ரத்தத்துக்குள் விட்டுவிடும். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் மாத்திரை வைப்பது அந்தக் குணத்தைப் பயன்படுத்தித்தான். ஒட்டி நிற்கும் ஜெல் என்றால் உள்ளே போகும் அளவும் கூடும். கோலின் சாலிசிலேட் உள்ள ஜெல்லை 16 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் அறிவித்தது. பென்சோகெயின் உள்ள ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க அமைப்பு 2018இல் எச்சரித்தது. அது ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடக் கூடும். குழந்தைக்குக் குளிர வைத்த சுத்தமான துணியைக் கடிக்கக் கொடுங்கள், போதும்.

பல்செட் வைத்திருக்கும் பெரியவர்கள் பூசும் பசையும் இதே குடும்பம். துத்தநாகம் சேர்ந்த பசையை வருடக்கணக்கில் அதிகமாகப் பூசியவர்களுக்கு நரம்புக் கோளாறு வந்ததைக் கண்டு, 2010இல் ஒரு பெரிய நிறுவனம் அவ்வகையையே நிறுத்தியது. செட் ஆடினால் பசையைக் கூட்டாமல், பல் மருத்துவரிடம் செட்டைச் சரிசெய்யுங்கள்.

கண்ணில்

கண் நீர் அழுத்த நோய்க்கான டிமோலால் மருந்து சாதாரணச் சொட்டாகவும் வருகிறது, மேலே சொன்ன ஜெல்லானில் கலந்தும் வருகிறது. சாதாரணச் சொட்டைப் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு முறை போட வேண்டும். கண்ணில் உறையும் வகைக்கு ஒரு முறை போதும். நேரம்தான் வித்தியாசம். இரண்டு மூன்று கண் மருந்து இருந்தால் ஜெல்லைக் கடைசியில் போடுங்கள், மற்றதைப் போட்டுப் பத்து நிமிடமாவது கழித்து. முதலில் ஜெல்லைப் போட்டுவிட்டால் அடுத்த சொட்டு அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். போட்ட பிறகு கண்ணை மூடி, உள்மூலையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மூக்குக்குப் போகும் வழி அடைபடும். சில நிமிடம் பார்வை மங்கலாக இருக்கும், அந்த நேரத்தில் பைக்கை எடுக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் டிமோலால் வாங்கும் முன் அதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சொட்டு மருந்துதானே என்று நினைக்க வேண்டாம்.

நோன்பு மாதத்தில் கண் மருந்தை நிறுத்திவிடுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். கண் நீர் அழுத்த நோய் வலிக்காமல் பார்வையைத் தின்னும். போன பார்வை திரும்பாது. கண்ணில் இடும் மருந்தால் நோன்பு முறியாது. தொண்டையில் கசப்பு தெரிந்தாலும் முறியாது. நம் பகுதியில் உள்ள ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் இதுவே சட்டம். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் கண் சொட்டு மருந்தை நோன்பை முறிக்காதவற்றில் சேர்த்தது. அதையும் மீறி மனம் ஒப்பவில்லை என்றால், ஒரு முறை மட்டும் போடும் வகைக்கு மாற்றி இரவில் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நிறுத்த மட்டும் வேண்டாம்.

வாய்க்குள் போடும் பசை அப்படியல்ல. கரைந்ததை விழுங்கினால் நோன்பு முறியும். ஒட்டும் ஜெல் என்பதே மெல்லக் கரைவதற்காகச் செய்தது. விழுங்காமல் இருப்பது கடினம். தராவீஹ் முடித்து, படுக்கும் முன் வையுங்கள், மருந்துக்கும் அதுதான் நல்ல நேரம். ஸஹருக்கு எழுந்ததும் வாயைக் கொப்பளித்து மிச்சத்தைத் துப்பிவிடுங்கள்.

பெண்களுக்கு மருத்துவர் எழுதும் சில உள்ளுறுப்பு ஜெல்களிலும் பாலிகார்போஃபில் என்ற வலுவான ஒட்டும் பாலிமர் இருக்கிறது. அது சில நாட்கள் ஒட்டி நின்று, பிறகு மேலடுக்குத் தோல் உதிரும்போது வெள்ளைக் கட்டிகளாக வெளியேறலாம். மருந்தின் மிச்சமே அது, பயம் வேண்டாம். துர்நாற்றமோ அரிப்போ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இதன் நோன்புச் சட்டத்தில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரவில் வைத்துக்கொண்டால் அந்தக் கேள்வியே எழாது.

வயிற்றில்

நாள் முழுக்க வெறும் வயிறு, மஃரிபில் சமோசாவும் வடையும். பிறகு நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்? அதற்கான ஆல்ஜினேட் திரவம் வயிற்றின் அமிலத்தைத் தொட்டதும் ஜெல்லாகிறது. அதோடு சேர்ந்த கால்சியம் உப்பு இழைகளுக்கு முடிச்சுப் போடுகிறது, சோடா உப்பு காற்றுக் குமிழிகளை உண்டாக்குகிறது. குமிழி அடைபட்ட ஜெல் கட்டுமரம் போல மிதந்து, அமிலம் மேலே ஏறாமல் மூடி நிற்கும். மிதப்பதற்கு வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும். ஆகவே சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் குடிப்பது சரி. குடித்துவிட்டுச் சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றாதீர்கள். இதில் சோடியம் கணிசமாக உண்டு. ரத்த அழுத்தம், இருதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

குடல்புண்ணுக்குத் தரும் சுக்ரால்ஃபேட் இதற்கு மாறானது. அதுவும் அமிலத்தில் பிசுபிசுப்பான பசையாகி, புண்ணின் அடியில் கசியும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் வரை கட்டுப்போட்டது போல நிற்கும். வயிற்றில் சோறு இருந்தால் சோற்றையும் பிடித்துக்கொள்ளும். அதனால் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. மற்ற மருந்துகளையும் அது பிடித்துக்கொள்ளும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்கை இதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிட வேண்டும். தைராய்டு மாத்திரை விடாமல் சாப்பிட்டும் அளவு சரியாகவில்லை என்பவர்கள் இதைச் சந்தேகிக்கலாம். நோன்பில் இந்த நேரங்களைப் பொருத்துவது கஷ்டம்தான். ரமலானுக்கு முன்பே சீட்டை மருத்துவரிடம் காட்டி மாற்றி எழுதி வாங்குங்கள்.

சர்க்கரைக்காரர்களிடமிருந்து வரும் ஒரு கேள்வியும் இதோடு சேர்ந்தது. 'மாத்திரை அப்படியே மலத்தில் வந்துவிட்டது, வேலை செய்யவில்லை' என்று மெட்ஃபார்மினை நிறுத்தியவர்கள் உண்டு. மெல்ல வெளிவிடும் வகை மெட்ஃபார்மின் மாத்திரை பலவற்றில் பாலிமர் தண்ணீரை உறிஞ்சி ஜெல் கூடாகிறது. மருந்து அதிலிருந்து மணிக்கணக்கில் கசிந்து ரத்தத்துக்குப் போன பிறகு வெறும் கூடு வெளியேறுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த மாத்திரையைப் பொடித்தோ மென்றோ சாப்பிட்டால் கூடு உடைந்து, ஒரு நாள் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

ஒட்டக் கூடாத இடத்தில்

ஒட்டும் குணம் நமக்கு எதிராகத் திரும்பும் இடமும் உண்டு. கேப்சூலின் ஜெலட்டின் ஓடு ஈரம் பட்டால் பசையாகும். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் அது உணவுக்குழாயிலேயே ஒட்டி, அங்கேயே கரைந்து, சுவரைப் புண்ணாக்கும். டாக்சிசைக்ளின் இதற்குப் பேர்போனது. நம் பகுதியில் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கும், முகப்பருவுக்கும் அதை எழுதுகிறார்கள். இரவில் விழுங்கிப் படுத்துவிட்டு, காலையில் நெஞ்சைப் பிளக்கும் வலி என்று மாரடைப்புப் பயத்தில் ஓடியவர்கள் உண்டு. ஸஹர் முடியும் கடைசி நிமிடத்தில், பாங்கு சொல்வதற்குள் வாயில் போட்டு விழுங்கி, ஃபஜ்ர் தொழுததும் படுப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். கேப்சூலை நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, படுப்பதற்கு அரைமணிக்கு முன்பாவது விழுங்குங்கள். மலச்சிக்கலுக்கு இசப்கோல் சாப்பிடும் பெரியவர்களுக்கும் இதே எச்சரிக்கை. குறைந்த தண்ணீரில் சாப்பிட்டால் அது தொண்டையிலேயே ஊதி அடைக்கும்.

ஜெலட்டின் என்றதும் அடுத்த கேள்வி நமக்குத் தெரிந்ததே. ஜெலட்டின் மாட்டின் எலும்பு, தோலிலிருந்தும் வரலாம், பன்றித் தோலிலிருந்தும் வரலாம். கேப்சூலில் மட்டுமல்ல, பழைய வகை வாய்ப்பசைகளின் ஒட்டும் துகள்களிலும் பெக்டினோடு ஜெலட்டின் உண்டு. பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் பயன்படுத்தக் கூடாது என்று ஃபிக்ஹ் அகாடமி 1986இல் அம்மானில் தீர்மானித்தது. 1995இல் குவைத்தில் நடந்த மருத்துவ ஃபிக்ஹ் கருத்தரங்கோ, ஒரு பொருள் அடியோடு வேறொன்றாக மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்ற இஸ்திஹாலா அடிப்படையில் அதைத் தூய்மையானது என்றது. இரண்டையும் சொல்லிவிட்டோம், தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல, உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள். எங்களால் சொல்ல முடிந்தது இதுதான்: தாவர செல்லுலோஸிலிருந்து செய்த ஹைப்ரோமெல்லோஸ் கேப்சூல்கள் இப்போது கிடைக்கின்றன, கார்போமரும் செல்லுலோஸும் மட்டும் உள்ள ஒட்டும் ஜெல்களும் இருக்கின்றன. மாற்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம், பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். கேட்காமல் மருந்தை நிறுத்திவிட்டு, நோய் முற்றியபின் எங்களிடம் வருவதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்தத் தாயார் இரண்டாவது டியூபை வாங்கிப்போய், இரவில் மிளகளவு வைத்து அழுத்தினார். ஒரு வாரத்தில் புண் ஆறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். டியூபில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அதைத் திருப்பித் தர வந்தார். திறந்த டியூபை இன்னொருவருக்குத் தர முடியாது என்று சொல்லி அனுப்பினோம்.

மருந்து உதவிக்கு வருபவர்கள் இனி டியூபையோ புட்டியையோ மட்டும் கொண்டுவராமல், மருத்துவர் சீட்டையும் அட்டைப் பெட்டியையும் உள்ளே உள்ள காகிதத்தையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். ஆங்கிலத்தில் இருப்பதால் பலர் பிரிப்பதே இல்லை. உட்கார்ந்து தமிழில் வாசித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்